பெவாசிசுமாப் ஊசி: மருந்து நல்லது, மலைக்குக் கொண்டுவரும் விதம்தான் முக்கியம்

புற்றுக்கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கச் செய்யும் விஇஜிஎஃப் புரதத்தைப் பிடித்து முடக்கும் மருந்து இது. அந்தப் புரதத்தை மரபணுவிலேயே அடக்கும் சிகிச்சைகள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. இதுவோ 2004 முதல் புழக்கத்தில் உள்ளது.

கோவையில் வாங்கி ஊட்டிக்கு எடுத்துவருபவர்கள் 2 முதல் 8 டிகிரி குளிரைக் காக்க வேண்டும். ‘ஊட்டிக் குளிரே போதும்’ என்பது தவறு. மேட்டுப்பாளையம் வரை வெயில்தான். ஐஸ் பேக் குப்பியில் நேரே ஒட்டினால் மருந்து உறையும், உறைந்தால் வீண். நடுவே அட்டை வையுங்கள், குலுக்காதீர்கள்.

100 மி.கி. குப்பியில் 4 மி.லி., 400 மி.கி. குப்பியில் 16 மி.லி. இருக்கும். 60 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 300 மி.கி. சிறிய குப்பி மூன்று போதும். பெரியதை வாங்கினால் மீதி 100 மி.கி. குப்பைக்குத்தான், எடுத்துவைக்க முடியாது. சலைனில்தான் கலக்க வேண்டும், குளுக்கோஸில் கூடவே கூடாது.

மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற முதல் முறை 90 நிமிடம், ஒத்துக்கொண்டால் அடுத்து 60, பிறகு 30. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையையும் விடாதீர்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது 28 நாள் இடைவெளி தேவை, இல்லையேல் புண் ஆறாது. திடீர்க் கடும் வயிற்றுவலி வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் இரவோடு இரவாக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.