செவர்லே சி10-ஆ, ஃபோர்ட் எஃப்-100-ஆ? எதை எடுப்பது, எவ்வளவு மாற்றுவது?

அமெரிக்காவில் பழைய பிக்கப் மேல் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் 1967 முதல் 1972 வரை வந்த வண்டிகளில்தான் போய் நிற்பார்கள். செவர்லேயா ஃபோர்டா என்று ஒரு வாரம் வாதம் நடக்கும். அப்புறம் பழைய என்ஜினை வைத்துக்கொள்வதா, புதுசு ஏற்றுவதா என்று ஒரு மாதம். விற்பனை விளம்பரங்களைப் புரட்டினால் இந்த வாதங்களின் முடிவும் தெரியும்: "எண்பது சதவீத வேலை முடிந்தது, மீதிப் பாகங்கள் பெட்டிகளில் உள்ளன." அந்தப் பெட்டிகளைப் பார்த்தாலே நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன்.

அதனால் இந்த அலசலில் என் அளவுகோல் ஒன்றுதான். ஒவ்வொரு வழியும் வண்டியை எவ்வளவு காலம் ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைக்கும்? குதிரைத்திறன், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

செவர்லேயும் ஃபோர்டும்

சி10-இல் முன்பக்கம் காயில் ஸ்பிரிங். இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும். பின்பக்கமும் பெரும்பாலானவற்றில் காயில் ஸ்பிரிங்தான். பின் ஆக்சிலை முன்னாலிருந்து பிடித்துக்கொள்ள நீளமாக இரண்டு டிரெய்லிங் ஆர்ம் இருக்கும். நாஸ்கார் பந்தயக் கார்கள் பல வருடங்கள் பின்பக்கத்தில் வைத்திருந்தது இதே அமைப்பைத்தான். வீட்டில் வேலை செய்கிறவருக்கு இதில் என்ன லாபம்? வண்டியை மிதமாகத் தாழ்த்த சேஸியை வெட்ட வேண்டாம். ட்ராப் ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டும் அச்சை உயர்த்தி வைத்து வண்டியை இறக்கும் பாகம்), குட்டை ஸ்பிரிங் என்று போல்ட்டிலேயே வேலை முடிந்துவிடும். வெள்ளி இரவு பிரித்தால் ஞாயிறு மாலை ஓட்டலாம். ஜிஎம்சி பெயரில் வந்த இதன் இரட்டைப் பிறவியில் பெரும்பாலும் பின்னால் பட்டை ஸ்பிரிங் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஃபோர்டு 1965-இல் கொண்டுவந்தது 'ட்வின் ஐ-பீம்'. இரண்டு கனமான இரும்பு பீம்கள் ஒன்றையொன்று தாண்டிப் போய், ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்துச் சட்டத்தில் கீல் போட்டு நிற்கும். பாரம் ஏற்ற இதைவிட முரட்டு அமைப்பு வேண்டாம். ஆனால் வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். சரிசெய்ய பீமையே அழுத்தி வளைக்க வேண்டும். அதற்கான கருவி உள்ள கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால்தான் எஃப்-100-ஐத் தாழ்த்த நினைப்பவர்கள் 2003 முதல் 2011 வரை வந்த ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா காரின் அலுமினிய முன்பகுதியை அப்படியே கழற்றிக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். டிஸ்க் பிரேக், ரேக் ஸ்டியரிங் எல்லாம் கூடவே வந்துவிடும், ஓட்டவும் அருமையாக இருக்கும். ஆனால் பழைய குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்து, புது இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டிய அன்று தொடங்கி வெல்டிங் முடியும் வரை வண்டி நகராது.

ஃபோர்டுக்கு ஒரு பெரிய ஆறுதல், அதன் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின். 1965-இல் வந்தது, 1996 வரை தயாரிப்பில் இருந்தது. டைமிங்குக்குச் செயின் கிடையாது, பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான். கிராங்கைத் தாங்க ஏழு பேரிங். இந்த என்ஜின் உள்ள எஃப்-100 கிடைத்தால் என்ஜின் மாற்றும் பேச்சே எடுக்காதீர்கள்.

உதிரிப் பாகங்களில் செவர்லே முன்னால் நிற்கிறது. கதவு, ஃபெண்டர், தரைத் தகடு என்று கிட்டத்தட்ட முழு வண்டியையும் எல்எம்சி மாதிரியான கேட்லாக்கில் புதிதாகவே வாங்கிவிடலாம். ஃபோர்டுக்கும் கிடைக்கிறது, ஆனால் அவ்வளவு அகலமாக இல்லை.

ஆக, தாழ்த்தி அழகு பார்க்க சி10, சரக்கு ஏற்றி அப்படியே ஓட்ட எஃப்-100. எனக்குப் பிடித்தது சி10. ஆனால் நண்பர் ஒருவர் "எனக்கு மரக்கட்டை ஏத்தணும்" என்று கேட்டபோது தயங்காமல் ஃபோர்டைத்தான் காட்டினேன்.

துரு

இரண்டுக்கும் பொதுவான எதிரி. வாங்கப் போகும்போது ஒரு காந்தமும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும். கேபினின் பின்மூலைகள், கதவுக்குக் கீழே ராக்கர் பேனல், முன் ஃபெண்டரின் அடிப்பாகம், கேபினைச் சேஸியோடு பிணைக்கும் மவுண்ட்: இங்கெல்லாம் காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே தகரம் இல்லை, பூச்சு மாவுதான் இருக்கிறது.

வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வருடக்கணக்காக அதன் வழியே இலை விழுந்து, இரண்டு பக்கமும் கீழே போய்ச் சேர்ந்து, வடிகாலை அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டுத் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே பெயின்ட் ஜோராக இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் துவாரத்தில் ஊற்றிவிட்டுக் கீழே குனியுங்கள். கதவுக்கு முன்னால் தரையில் சொட்டினால் சரி. தண்ணீர் கேபினுக்குள் வந்தால் பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.

என்ஜின்: மூன்று வழிகள்

சி10-ஐயே வைத்துப் பேசுவோம். பெரும்பாலும் உள்ளே 250 கன அங்குல ஆறு சிலிண்டரோ, 307 அல்லது 350 வி8-ஓ இருக்கும். பழைய விளம்பர எண்களை அப்படியே நம்பாதீர்கள். 250 என்ஜினுக்கு 1970-இல் 155 குதிரைத்திறன் என்று போட்டார்கள், 1972-இல் 110. இடையில் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வித்தியாசத்தில் பெரும்பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. முன்பு ஃபேன், சைலன்சர் எதுவும் இல்லாமல் மேசையில் வைத்து அளந்தார்கள், பிறகு வண்டியில் இருப்பதுபோல் அளந்தார்கள்.

முதல் வழி, உள்ளதைச் சரிசெய்வது. கார்புரேட்டர், கேஸ்கெட், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர். பாகங்கள் மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும். பாயின்ட் இக்னிஷன் (தொடுமுனைகள் திறந்து மூடித் தீப்பொறி தரும் பழைய முறை) தொல்லை என்றால், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 1970-களின் நடுவில் கொண்டுவந்த ஹெச்இஐ என்ற எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டுவிடலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய ஒயரிங்கில் இக்னிஷனுக்குப் போகும் ஒயர் சாதாரண ஒயர் அல்ல, வேண்டுமென்றே மின்தடை வைத்தது. என்ஜின் ஓடும்போது பேட்டரி அளவு மின்னழுத்தம் அதில் வராது. பாயின்ட் தீய்ந்துபோகாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். ஹெச்இஐ-க்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய ஒயரிலேயே மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், மெதுவாகவும் ஓடும், வேகம் பிடிக்கும்போது திணறும். கார்புரேட்டரைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். மல்டிமீட்டரை எடுத்து என்ஜின் ஓடும்போது அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தால் தீர்ந்தது.

இரண்டாவது வழி, எல்எஸ் எனப்படும் ஜிஎம்மின் புதிய வி8 வரிசை. 1999 செவர்லே சில்வராடோ பிக்கப்பிலிருந்து லட்சக்கணக்கில் வந்த 5.3 லிட்டர் வி8. ஆரம்பத்திலேயே 270 குதிரைத்திறன், அதுவும் புது முறையில் அளந்தது. பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் கிடைக்கும். குளிர்காலக் காலையில் சாவி திருப்பினால் உடனே ஓடும். கலிஃபோர்னியாவில்கூட 1975-ஆம் வருடத்துக்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் புகைச் சோதனை கிடையாது என்பதால் அந்தத் தலைவலியும் இல்லை. நண்பர்கள் கூடும் இடத்தில் "அண்ணா, பேசாம எல்எஸ் போட்டுடலாமே" என்று யாராவது சொல்லாத நாள் இல்லை.

என்ஜின் மலிவுதான். அதைச் சுற்றி வருகிறதுதான் பட்டியல். மவுண்ட் தகடுகள். குறுக்குச் சட்டத்தில் இடிக்காத வேறு ஆயில் பேன். புது எக்ஸாஸ்ட். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 58 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் பம்ப், அதனால் டேங்கிலும் வேலை. ஒயரிங்கைக் கத்தரித்து, கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்க வேண்டும். கூடவே 4எல்60இ கியர்பாக்ஸ் போட்டால் அதில் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளை மாட்ட இடமே கிடையாது. மீட்டருக்குத் தனி மாற்றுப்பெட்டி. டிரைவ் ஷாஃப்ட் நீளம் வேறு. இவற்றில் எதுவும் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் எல்லாம் முடியும் வரை எதுவும் ஓடாது. ஒரு பாகம் தவறாக வந்தால் இரண்டு வாரம் போய்விடும். வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு கராஜுக்குள் நுழைகிறவருக்கு இதுதான் கண்ணி.

மூன்றாவது வழி பற்றி ஏன் குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. என்ஜின் அப்படியே இருக்கட்டும், கியர்பாக்ஸை மாற்றுங்கள். இந்த வண்டிகளில் 3.73 பின் கியர் சகஜம், அதாவது டிரைவ் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 28 அங்குல டயரோடு மணிக்கு 70 மைல் ஓட்டினால் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,100 சுற்றில் கத்தும். நெடுஞ்சாலையில் "பழைய என்ஜின் தாங்காது" என்கிறவர்கள் உண்மையில் குறை சொல்வது இந்தச் சத்தத்தைத்தான். 1982-இல் வந்த 700ஆர்4 தானியங்கி கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ், அதாவது கடைசி கியர், 0.70. அதே வேகத்தில் என்ஜின் 2,200 சுற்றுக்கு இறங்கிவிடும். முதல் கியரும் ஆழமானது என்பதால் சிக்னலில் கிளம்புவதும் சுறுசுறுப்பாக இருக்கும். பெரும்பாலான 700ஆர்4-களில் கேபிள் ஸ்பீடோமீட்டர் அப்படியே வேலை செய்யும். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளை மட்டும் அளவு பிசகாமல் வையுங்கள். அது தளர்வாக இருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து கிளட்ச் எரிந்துவிடும்.

வி8-க்கு கார்புரேட்டர் வேண்டவே வேண்டாம் என்றால், ஹாலி ஸ்னைப்பர் மாதிரி அதே மேனிஃபோல்டின் மேல் உட்காரும் இன்ஜெக்‌ஷன் கிட் இருக்கிறது. பிறகு ஒரு சனிக்கிழமையில் போடலாம். அவசரமில்லை.

மின்சார மோட்டார்? செவர்லே 2019-இல் ஒரு 1962 சி-10-ஐயும், ஃபோர்டு 2021-இல் ஒரு 1978 எஃப்-100-ஐயும் மின்வண்டியாக்கி, வண்டி மாற்றங்களுக்கான சீமா கண்காட்சியில் நிறுத்தின. அழகான வண்டிகள். பெரிய நிறுவனத்தின் பட்டறை வேலை அது.

பிரேக்

என்ஜினுக்கு முன்னால் செய்ய வேண்டியதை இங்கே பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் இதில் வாதம் குறைவு. சி10-இல் முன் டிஸ்க் பிரேக் 1971-இல்தான் வழக்கமானது. எஃப்-100-க்கு அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970 அல்லது அதற்கு முந்தைய சி10 வாங்கினால் டிஸ்க் போடுவது நிச்சயம். யார்டிலிருந்து 1971-72 பாகங்களை எடுப்பதா, புது கிட் வாங்குவதா என்பதுதான் தேர்வு. யார்டு பாகம் மலிவு, ஆனால் 1971-இலிருந்து சக்கரத்துக்கு ஐந்து போல்ட். அதற்கு முன் ஆறு. முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஆகிவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தாது, பின் ஆக்சிலையும் தொட வேண்டி வரும். பின்பக்கத்தை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் ஆறு போல்ட் டிஸ்க் கிட் வாங்குங்கள். எதுவானாலும் மாஸ்டர் சிலிண்டரையும் வால்வையும் சேர்த்து மாற்றுவது கட்டாயம்.

பெட்ரோல் டேங்க் இரண்டு வண்டியிலும் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். வளைவில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் அலையடிப்பது காதில் விழும். அசல் பிரியர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். பின்னால் சட்டங்களுக்கு நடுவே செவர்லே பிளேசர் வண்டியின் டேங்கைத் தொங்கவிடுவது பலரும் செய்து பழகிய வேலை. சீட்டுக்குப் பின்னால் இடமும் கிடைக்கும்.

நீளமும் நிறமும்

பின்னால் சரக்குப் பெட்டி குட்டையாக உள்ள வண்டிக்கு விலை அதிகம் என்பதால் நீளப் பெட்டி சி10-ஐ வாங்கி, சேஸியில் 12 அங்குலம் வெட்டிக் குட்டையாக்குகிறார்கள். எட்டடிப் பெட்டியில் ஒரு முழு பிளைவுட் பலகை படுக்கும். அதை ஏன் வெட்ட வேண்டும்?

பெயின்ட்டில், இன்றைய இரண்டு பாகக் கலவைகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்கு ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். வெளிக்காற்றை ஊதித் தரும் முகமூடி இல்லாமல், அதுவும் வீட்டோடு ஒட்டிய கராஜில், இதை அடிக்கவே கூடாது. தேய்ப்பது, மாவு பூசுவது, ப்ரைமருக்கு முந்தைய எல்லா வேலையையும் வீட்டில் செய்துவிட்டு அடிப்பதற்கு மட்டும் கடைக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் வெயிலில் மங்கிய பழைய நிறத்தை அப்படியே விட்டுவிடலாம், துருப்பிடித்த இடத்தை மட்டும் நிறுத்தி. இந்த 'பட்டினா' மோகம் முற்றிப்போய் புது தகட்டுக்குக் கூட துரு நிறம் அடிக்கிறார்கள். அது எனக்கு ஒத்துவராது. ஆனால் நிஜமாகவே மங்கிய வண்டி என்றால் விடுவதுதான் என் ஓட்டு. கடையில் நிறுத்துமிடத்தில் யாராவது கதவை இடித்தாலும் தூக்கம் கெடாது.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். மாற்றிய கியர்பாக்ஸ், பிரேக் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், ரசீதுகளைப் படம் பிடித்து வையுங்கள். 1970 மாடல் என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், விபத்துக்குப் பிறகு அவர்கள் போடும் கணக்கில் நீங்கள் வாங்கிப் போட்ட எதுவும் இருக்காது.