கணினித் திரையாக ஒரு 32 அங்குல டிவி: ஓரம் வெட்டுப்படுவதைச் சரிசெய்த பிறகு

இந்த 32 அங்குல முழு எச்டி டிவியைக் கணினித் திரையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகியவுடன் தெரிகிற படத்தைப் பார்த்து முடிவெடுத்தால் யாரும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது, விண்டோவை மூடும் பெருக்கல் குறி மூலைக்கு வெளியே போய்விடுகிறது, எழுத்துகள் எல்லாம் லேசாகக் கலங்கித் தெரிகின்றன. டிவி பழுது என்று நினைக்கத் தோன்றும். பழுது இல்லை, ஓவர்ஸ்கேன்: வரும் படத்தை டிவி கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுவது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு இழப்பு என்று புரியும். இந்த டிவி ஏறக்குறைய 5 சதவீதம் பெரிதாக்குகிறது. கணினி அனுப்புவது 1920க்கு 1080 பிக்சல். டிவி அதில் நடுவில் உள்ள 1824க்கு 1026ஐ மட்டும் எடுத்துக்கொண்டு திரை முழுக்க இழுத்து விரிக்கிறது. இடத்திலும் வலத்திலும் தலா 48 பிக்சல், மேலும் கீழும் தலா 27 பிக்சல் காணாமல் போகின்றன. விண்டோஸ் 11இல் டாஸ்க்பாரின் உயரமே 48 பிக்சல்தான், அதில் 27 போனால் என்ன மிஞ்சும்? ஓரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கு அதைவிட உறுத்துவது அந்த இழுவை. ஒரு பிக்சல் அகலமுள்ள கோடு ஒரு பிக்சலில் உட்காராமல் பக்கத்துப் பிக்சலோடு கலந்து வழிகிறது, அதனால்தான் எழுத்து மங்குகிறது. நாள் முழுக்க வாசிக்கிறவர்களுக்குக் கண் வலிக்கும்.

இது பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம். அந்த டிவிகளில் படத்தின் அளவு மின்னழுத்தத்தைப் பொறுத்தும் டியூபின் வயதைப் பொறுத்தும் கொஞ்சம் கூடும், குறையும். ஓரத்தில் கறுப்பு இடைவெளி தெரியக்கூடாது என்பதற்காகப் படத்தைச் சட்டத்தைவிடப் பெரிதாகவே வரைந்தார்கள். விஎச்எஸ் டேப்பில் படத்தின் அடியில் வரும் கலங்கல் கோடுகளும் அதில் மறைந்துபோயின. ஓரம் எப்படியும் வெட்டுப்படும் என்று ஒளிபரப்பு செய்கிறவர்களுக்கும் தெரியும், எழுத்துகளை நடுவில் உள்ள 80 சதவீதத்துக்குள்ளும் முக்கியமான அசைவுகளை 90 சதவீதத்துக்குள்ளும் வைத்தார்கள். அப்போது அது நியாயம். பிக்சல்கள் எண்ணி வைத்திருக்கிற தட்டைத் திரையில், அதுவும் கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்கு, அதற்கு ஒரு வேலையும் இல்லை. இதைத் தொழிற்சாலையிலேயே அணைத்து அனுப்பியிருக்க வேண்டும். இந்த டிவிக்கு நான் மதிப்பெண் குறைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், அணைக்கும் இடத்தை ஒளித்து வைத்திருப்பது. படம் என்ற மெனுவுக்குள் போய், மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், அதற்குள் பட அளவு என்று ஒன்றைத் திறந்தால்தான் வருகிறது. கணினி இணைந்து சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அது உயிரோடு இருக்கும், இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். 16:9 என்று ஏற்கெனவே இருப்பதால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோவதுதான் பலருக்கும் நடக்கும், ஏனென்றால் ஓவர்ஸ்கேனும் 16:9 என்ற பெயரில்தான் ஓடுகிறது. அதற்கு அடுத்து இருக்கும் தேர்வைத்தான் அழுத்த வேண்டும். அழுத்திய உடனே நான்கு மூலைகளும் உள்ளே வந்து உட்காரும், எழுத்து பளிச்சென்று ஆகும். இரண்டும் ஒரே நொடியில் நடக்கும்.

இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பது பெரிய தொல்லை. எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன். சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட், புதியவற்றில் ஃபிட் டு ஸ்கிரீன். சோனியில் டிஸ்ப்ளே ஏரியா என்பதற்குள் ஃபுல் பிக்சல் அல்லது பிளஸ் 1. ஷார்ப்பில் டாட் பை டாட், பிலிப்ஸில் அன்ஸ்கேல்டு, பானசோனிக்கில் 16:9 ஓவர்ஸ்கேன் என்றே இருக்கும், அதை ஆஃப் செய்ய வேண்டும். இவற்றில் எதுவுமே கண்ணில் படவில்லை என்றால் உள்ளீட்டின் பெயரை பிசி என்று மாற்றிப் பாருங்கள். வெறும் பெயர்தானே என்று தோன்றும், ஆனால் பல டிவிகள் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நடத்தையை மாற்றுகின்றன: ஓவர்ஸ்கேனை விடுகின்றன, நிறத் தகவலைக் குறைக்காமல் 4:4:4 ஆகக் காட்டுகின்றன. இந்த டிவியிலும் அப்படித்தான். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்துப் பார்த்தேன், பெயர் மாற்றுவதற்கு முன் விளிம்பில் கசிந்தது, மாற்றியபின் கத்தியால் வெட்டியது போல் நின்றது. அப்புறம் ஷார்ப்னெஸையும் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் வரும். பெரும்பாலான டிவிகளில் 0 என்றால் கூடுதல் கூர்மை எதுவும் இல்லை என்று பொருள், சோனியில் 50தான் நடுநிலை.

டிவி ஒத்துழைக்கவே இல்லையென்றால் மட்டும் கணினிப் பக்கம் போங்கள். ஏஎம்டி கிராஃபிக்ஸ் மென்பொருளில் டிஸ்ப்ளே பகுதியில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்று ஒரு நகர்த்தி இருக்கிறது. என்விடியாவின் கண்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப்பின் அளவையும் இடத்தையும் மாற்றும் பக்கம் இருக்கிறது. இன்டெலில் ஸ்கேல் என்பதில் கஸ்டம். மேக்கில் டிஸ்ப்ளே அமைப்புகளில் அண்டர்ஸ்கேன் நகர்த்தி வரும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் பழைய மாதிரிகளில் கான்ஃபிக் கோப்பில் ஓவர்ஸ்கேனுக்கான வரிகள். ஆனால் இவை படத்தை முன்கூட்டியே சுருக்கி அனுப்புகின்றன, டிவி அதைத் திரும்பப் பெரிதாக்குகிறது. ஏஎம்டி வழியில் முழு 1920க்கு 1080 டெஸ்க்டாப்பும் சுருக்கப்பட்டு மறுபடி விரிவதால் எழுத்து இரண்டு தடவை அடிபடுகிறது. என்விடியா வழியில் டெஸ்க்டாப்பே சின்ன ரெசல்யூஷனுக்கு மாறிவிடுவதால் டிவி செய்யும் ஒரு விரிவு மட்டும்தான், கொஞ்சம் பரவாயில்லை. எப்படியிருந்தாலும் மூலைகள் தெரியும், கூர்மை திரும்பாது. படம் பார்க்க மட்டும் என்றால் போதும், வேலை செய்ய என்றால் எனக்குப் போதாது.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு, அதை டிவியின் தலையில் போடக்கூடாது. டிவியைச் சரிசெய்த பிறகும் நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் கணினியின் கிராஃபிக்ஸ் ட்ரைவர் இன்னும் சுருக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த நகர்த்தியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது.

சரியாக வந்துவிட்டதா என்று கண்ணால் நிச்சயிக்க ஒரு வழி: கறுப்பும் வெள்ளையும் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் மாறிவரும் கட்டப் படம் ஒன்றை 1920க்கு 1080 அளவில் உருவாக்கி, விண்டோஸில் ஸ்கேலிங் 100 சதவீதத்தில் இருக்கும்போது முழுத்திரையில் திறங்கள். பிக்சலுக்குப் பிக்சல் சரியாகப் பொருந்தினால் சீரான சாம்பலாகத் தெரியும். எங்காவது அலையலையாகப் பட்டை தெரிந்தால் இன்னும் எங்கோ யாரோ இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த டிவி இதில் முழுமையாகத் தேறியது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 32 அங்குலத்தில் முழு எச்டி என்றால் அங்குலத்துக்கு 69 பிக்சல்தான், கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் புள்ளிகள் தெரியும், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது. கறுப்பு வெளிறித் தெரிந்தாலோ இருட்டுக் காட்சிகளில் விவரம் போனாலோ கணினியும் டிவியும் வேறுவேறு வீச்சில் பேசிக்கொள்கின்றன: ஒன்று 16 முதல் 235 வரை, மற்றொன்று 0 முதல் 255 வரை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் போதும். மவுஸ் இழுபடுவது போல் இருந்தால் கேம் மோடைப் போடுங்கள், இதில் நல்ல மாற்றம் தெரிகிறது. எச்டிஎம்ஐ ஒவ்வொன்றுக்கும் அமைப்பைத் தனித்தனியாகத்தான் நினைவில் வைக்கிறது, கேபிளை வேறு ஓட்டைக்கு மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

இதே வரிசையில் எச்டி ரெடி என்று விற்கும் மாதிரியைக் கணினிக்காக வாங்காதீர்கள். அதன் திரை பெரும்பாலும் 1366க்கு 768. எச்டிஎம்ஐ வழியாக 720 அல்லது 1080 கொடுத்தாலும் இரண்டுமே அந்தத் திரைக்குப் பொருந்தாது, ஓவர்ஸ்கேனை அணைத்தாலும் விரிவோ சுருக்கமோ நடந்தே தீரும். விஜிஏ உள்ளீடு இருந்து, அது 1360க்கு 768ஐ ஏற்றுக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

எந்த டிவியாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் அதன் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, பட அளவு பற்றிய பக்கத்தைப் படித்துவிடுங்கள். மேலே சொன்ன பெயர்களில் ஒன்றோ, அதே பொருளில் வேறு ஏதோ அங்கே இல்லையென்றால், கடையில் ஒரு மடிக்கணினியை இணைத்து டாஸ்க்பார் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.