ஆல்டர் ஈகோ: ஜெரி பெய்ல்ஸ் ஊன்றிய விதை

அமெரிக்க காமிக்ஸின் வரலாற்றை அறிய ஒரே ஒரு பத்திரிகையைத்தான் வாங்க முடியும் என்றால், ராய் தாமஸின் ஆசிரியப் பொறுப்பில் 1999-இல் டூமாரோஸ் பதிப்பகம் புதிதாக மீண்டும் தொடங்கிய 'ஆல்டர் ஈகோ' வரிசையையே நான் பரிந்துரைப்பேன். புதிய படங்களையும் திரைப்படச் செய்திகளையும் தேடுவோருக்கு உரிய இதழ் அல்ல இது. சிறு வயதில் நாம் ரசித்த ஒரு பக்கத்தை வரைந்தது யார், அதன் பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டியது யார், அவருக்கு உரிய பெயர் ஏன் கிடைக்காமல் போனது என்று கேட்பவர்களுக்காகவே இது நடத்தப்படுகிறது.

இந்தக் கேள்விகளை இதழுக்குள் கொண்டுவந்தவர், 1961-இல் அதை ஒரு ரசிகர் இதழாக முதன்முதலில் தொடங்கிய ஜெரி பெய்ல்ஸ். 1933-இல் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் பிறந்து, பின்னர் டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், 'ஆல்-ஸ்டார் காமிக்ஸ்' இதழில் வந்த ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் நாயகர் குழுவின் கதைகளைப் படித்து வளர்ந்தவர். அந்தத் தொடர் 1951-இல் நின்றுபோன பிறகும் அவர் விட்டுவிடவில்லை; பழைய நாயகர்களை மீண்டும் கொண்டுவரும்படி டிசி நிறுவனத்தின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸிடமிருந்து 'ஆல்-ஸ்டார்' இதழ்களின் பைண்டு செய்த தொகுதிகளையும் விலைக்கு வாங்கினார். அதே பழைய இதழ்களைத் தேடி ஃபாக்ஸுக்கு எழுதிய மிசூரி கல்லூரி மாணவர் ஒருவர், அவை பெய்ல்ஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டதை அறிந்து அவருக்கே கடிதம் எழுதினார். அந்த மாணவர்தான் ராய் தாமஸ். அக்கடிதத் தொடர்பு இல்லாவிட்டால் இந்த இதழே பிறந்திருக்காது என்று சொல்லலாம்.

1961 மார்ச்சில் வெளிவந்த முதல் இதழ், ஊதா நிற மையில் பதியும் எளிய நகலெடுக்கும் இயந்திரத்தில் உருவானது. அதே ஆண்டில் பழைய இதழ்களை வாங்கவும் விற்கவும் விளம்பரங்களுக்கென்றே ஓர் இதழையும், வரவிருக்கும் காமிக்ஸ் பற்றிய செய்தி மடலையும் பெய்ல்ஸ் தொடங்கினார். ஷ்வார்ட்ஸ் தம் இதழ்களின் கடிதப் பகுதியில் வாசகர்களின் முழு முகவரியையும் அச்சிடத் தொடங்கியது பெரும் வாய்ப்பாக அமைந்தது. தனித்தனியே இருந்த ரசிகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள அதுவே வழி திறந்தது. நான்கு இதழ்களோடு பெய்ல்ஸ் விலகிக்கொள்ள, பொறுப்பு ரான் ஃபாஸ் என்ற ரசிகரிடமும் பிறகு தாமஸிடமும் போனது.

தாமஸ் 1965-இல் மார்வெலில் சேர்ந்து, 1972-இல் ஸ்டான் லீக்குப் பிறகு அதன் தலைமை ஆசிரியரானவர். இன்றைய வரிசையின் மிகப்பெரிய பலம் இதுதான். பழைய ஓவியர் ஒருவரிடம் பேட்டி காணும்போது, உடன் பணியாற்றியவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகளை இதில் காண்கிறோம்: பென்சில் வேலை எந்த நாளில் கொடுக்க வேண்டியிருந்தது, பக்கத்துக்கு என்ன கூலி, ஓவியத்தைத் திருத்தியது யாருடைய கை.

ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தாலே அந்த அக்கறை புரியும். பேட்டிக்கு நடுவே ஒரு பழைய அட்டைப்படம் வந்தால், அதன் கீழே வரைந்தவர், மை தீட்டியவர், இதழின் எண், உரிமையாளர், பிரதியை அனுப்பி உதவியவர் ஆகிய விவரங்கள் சிறிய எழுத்தில் இடம்பெறுகின்றன. அதில் பிழை நேர்ந்தால், பின்னர் வரும் இதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் திருத்தம் எழுதுகிறார். ஆசிரியரும் அதை மனமார ஏற்று அச்சிடுகிறார். 1973 முதல் 1976 வரை ஹேம்ஸ் வேர் என்ற காமிக்ஸ் ஆய்வாளருடன் சேர்ந்து, பெயரின்றி உழைத்த கலைஞர்களையெல்லாம் நான்கு தொகுதிகளில் பதிவு செய்த பெய்ல்ஸின் பழக்கம் இதுவே. பல்லாண்டுகளாகத் தங்கள் வேலையில் பெயர் அச்சாகாமலே போனவர்களுக்கு இதைவிட உரிய மரியாதை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபாசெட் என்ற பழைய பதிப்பகத்தின் நாயகனான கேப்டன் மார்வெலின் உலகத்துக்கென்று தனிப் பகுதியும், காமிக்ஸ் ஓவியர் மைக்கேல் டி. கில்பர்ட்டின் பத்தியும் இருக்கின்றன. கில்பர்ட்டின் பத்தியை நான் விரும்பிப் படிக்கிறேன்.

புதிய வாசகர் சற்றுத் தயாராகவே வர வேண்டும். பொற்காலம் (1930-களின் இறுதியும் 1940-களும்), வெள்ளிக்காலம் (1950-களின் நடுப்பகுதி முதல் 1970 வரை) என்ற பிரிவுகளும் அக்காலப் பதிப்பாளர்களின் பெயர்களும் விளக்கமின்றியே வருகின்றன. சில பேட்டிகள் சுருக்கப்படாமல் நீள்கின்றன; அந்த நீளத்தில்தான் அரிய தகவல்கள் ஒளிந்திருக்கின்றன என்பதால் எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. ஆயினும், முதன்முறை படிப்பவர் சோர்ந்துபோகக் கூடும்.

ஆகவே தொடங்குவதற்கு, பெய்ல்ஸ் 2006 நவம்பரில் மறைந்த பின் அவருக்கு அஞ்சலியாக 2007-இல் வந்த 68-ஆம் இதழை வாங்கிப் படியுங்கள். அதன் பிறகு, உங்களுக்குப் பிடித்த ஓவியரின் பெயர் அட்டையில் எந்த இதழில் இருக்கிறதோ, அதை எடுக்கலாம். சிறிய படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புவோருக்கு பிடிஎஃப் பதிப்பே வசதியானது.