பழைய காரின் ஒலிக்கு எதில் கை வைப்பது: ஸ்டீரியோவிலா, ஸ்பீக்கரிலா, ஆம்ப்ளிஃபையரிலா?

மாருதி 800, ஜென் போன்ற பழைய கார்களை இன்றும் நல்ல ஓட்டத்தில் வைத்திருப்பவர்கள், பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றதும் புதிய ஸ்டீரியோவைத்தான் நினைக்கிறார்கள், சென்னை ஜி.பி. ரோடுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் ஆண்ட்ராய்டு திரைகளே. ஆனால் அதே பணத்தைக் கதவு ஸ்பீக்கரிலோ, ஒலியின் வலிமையைக் கூட்ட இருக்கைக்கு அடியில் வைக்கும் ஆம்ப்ளிஃபையரிலோ போடலாம். ஸ்டீரியோ உயிரோடு இருக்கும்வரை முதல் செலவு கதவு ஸ்பீக்கருக்குத்தான் என்பது என் கணிப்பு.

பொருள் வாங்குவதற்கு முன் குறை எங்கே இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தாலோ அடங்கிப்போனாலோ, ஸ்டீரியோவின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். குறை மறுபக்கம் தாவினால் ஸ்டீரியோவின் சேனல் (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு) பழுது. அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் ஸ்பீக்கரோ அதற்குப் போகும் வயரோ பழுது. வயர் பெரும்பாலும் கதவுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள், கதவு திறந்து மூடும்போது மடங்கும் இடத்தில்தான் அறுந்திருக்கும். வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும்; எதுவுமே காட்டாவிட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருளான காயில் எரிந்துவிட்டது. சாவியைத் திருப்பி அணைத்ததும் பதிந்துவைத்த ரேடியோ நிலையங்கள் ஸ்டீரியோவுக்கு மறந்துபோனால், எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய மஞ்சள் வயரில் கோளாறு, அல்லது யாரோ அதைச் சிவப்போடு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் கீச்சொலிக்கு முதலில் எர்த் இணைப்பைச் சந்தேகிக்கலாம். இவற்றில் பல, செலவே இல்லாமல் தீர்ந்துவிடும்.

போனில் இருக்கும் பாட்டு காரில் ஒலித்தால் போதும் என்பவர்களுக்கு போனின் பாட்டை ரேடியோ அலையாக ஸ்டீரியோவுக்கு அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் மலிவான வழிதான். ஆனால் பெருநகரங்களில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை காலியான இடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வராது. டேப் ஓடும் நிலையில் இருந்தால், போனை வயரில் இணைத்து கேசட்டைப் போலவே உள்ளே நுழைக்கும் கேசட் அடாப்டர் இதைவிட நிம்மதி.

புதிய ஸ்டீரியோ தருவது புளூடூத், யு.எஸ்.பி., கொஞ்சம் நுணுக்கமான டோன் கட்டுப்பாடு ஆகிய வசதிகளே தவிர, கூடுதல் வலிமை அன்று. பெட்டியில் '50 வாட் x 4' என்று போட்டிருப்பது உச்ச அளவு. காரின் 14.4 வோல்ட்டைக் கொண்டு, உள்ளிருக்கும் சிப் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒலி சிதையாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடியது சேனலுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 வாட் வரைதான். இந்தக் கணக்கு, நல்ல நிலையிலுள்ள பழைய செட்டுக்கும் ஆண்ட்ராய்டு திரைக்கும் பெரிதாக மாறாது. மேலும், இந்தக் கார்களின் டேஷ்போர்டில் இருப்பது 180 x 50 மில்லிமீட்டர் இடம், 'ஒற்றை டின்' எனப்படும் ஸ்டீரியோ அளவு. 180 x 100 திரையை நுழைக்க டேஷ்போர்டை வெட்டச் சொல்வார்கள். மாற்றியே ஆகவேண்டுமானால் ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் தரும் ஆர்.சி.ஏ. வெளியீடு உள்ள ஒற்றை டின் புளூடூத் செட்டே போதும். ஒரு எச்சரிக்கை: பழைய வயரிங்கில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் பாடியில் எர்த் ஆகியிருக்கக்கூடும், இன்றைய செட்டை அப்படியே அதில் இணைத்தால் வெளியீட்டுச் சிப் போய்விடும்.

ஸ்பீக்கரில் நிலைமையே வேறு. வாட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே அளவு வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. 89 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 92 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், அந்த 3 டெசிபல் ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அதாவது பழைய ஸ்டீரியோவின் 15 வாட்டே 30 வாட்டின் வேலையைச் செய்யும். பின் தட்டில் பெரிய ஓவல் ஸ்பீக்கர் இரண்டை வைத்து முன்பக்கத்தைக் காலியாக விடும் நம் ஊர் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பாடகர் நின்று பாடுவது இயல்பாக இல்லை. முன் கதவின் பேடைக் கழற்றி, துளையின் அகலத்தோடு ஆழத்தையும், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அளந்துகொள்ளுங்கள். காந்தம் கண்ணாடியில் இடித்தால் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது. மெல்லிய கூர்மையான ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்குத் தனி இடம் இல்லாத கார்களில், அதையும் சேர்த்தே செய்த கோஆக்சியல் ஸ்பீக்கரே சிக்கனம்.

கதவின் உட்தகட்டிலுள்ள பெரிய ஓட்டைகளை, அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட்டால் அடைக்காமல் விட்டால், ஸ்பீக்கரின் அதிரும் கோனின் பின்புறம் கிளம்பும் ஒலி முன்புற ஒலியோடு மோதி, கனத்த தாழ்ந்த ஒலியான பேஸைத் தின்றுவிடும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தாலும் பேஸ் காணாமல் போகும், 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் நொடிப்பொழுது தொட்டால், கோன் வெளிப்பக்கம் தள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கி ஓட்டுபவர்களுக்கு இதுவும் போதாமல் போகலாம். அப்போதுதான் ஆம்ப்ளிஃபையருக்கு முறை வருகிறது. பழைய ஸ்டீரியோவை மாற்ற மனமில்லாதவர்கள் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள மாடலை வாங்கலாம். சேனலுக்கு ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய) 50 வாட் தரும், மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை நான்கு சேனல் ஆம்ப், முழு வேகத்தில் 18 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே ஸ்டீரியோவின் மஞ்சள் வயரிலோ சிகரெட் லைட்டரிலோ அதைத் தொங்கவிடாமல், பேட்டரியிலிருந்து தனித் தடித்த செம்பு வயர் இழுத்து, பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள். அந்த ஃப்யூஸை ஆம்புக்கு அருகில் போட்டால் நடுவிலுள்ள வயர் பாடியில் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது.