பிரதேச சபைச் சேவை: பவுசருக்கு நாலு, நாட்காட்டிக்கு ஒன்று

கொத்துரொட்டிக் கடைக்கும் போனுக்கும் எல்லோரும் நட்சத்திரம் போடுகிறார்கள். சபைக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டு என் லாச்சிக்குள் கிடக்கிறது, கடை உரிமத்துக்குக் கட்டியதும் கிடக்கிறது, அப்போ நான் ஏன் போடக்கூடாது?

எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியிலிருந்து பதினொரு கிலோமீற்றர் உள்ளே, ஒரு பக்கம் காடு, மற்றப் பக்கம் குளம், நடுவில் எண்பது சொச்சம் குடும்பங்கள். வன்னியில் இப்படி எத்தனையோ ஊர் இருக்கிறது, உங்களுடையது என்று நினைத்தாலும் பிழையில்லை. பெயர் போட்டால் என் வாசல் கம்பத்தில் எரிகிற ஒற்றை லைற்றும் போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

போன ஆவணியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2018 பெப்ரவரிக்குப் பிறகு 2025 மே 6 இல்தான் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது, நடுவில் இரண்டு வருடத்துக்கு மேலே சபையில் உறுப்பினர்கள் இல்லை, செயலாளர்தான் நடத்தினார். ஜூனில் புதுச் சபை வந்து வாழ்த்துப் பதாகைகளின் சாயம் வெளிறுவதற்குள் எங்கள் ஊரில் நெருப்புப் பிடித்தது. பின்பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். மாரிக்கு முளைத்த கினிப்புல் கழுத்தளவு வளர்ந்து, சித்திரை வைகாசி வெயிலில் காய்ந்து, சோளகம் அடிக்கிற நேரம் தொட்டால் நொறுங்குகிற பதத்தில் நிற்கும். யாரோ மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று கொளுத்தியிருக்க வேண்டும், அல்லது வேட்டைக்குப் போனவர்கள். எங்கள் நாட்டில் காடு தானாகப் பற்றுவது அபூர்வம், எப்போதும் பின்னால் ஒரு நெருப்புப்பெட்டி இருக்கும். யார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அதுவும் வழக்கம்தான்.

பகல் பன்னிரண்டரை. கடையில் இருந்தேன். முதலில் மணம் வந்தது, பிறகு பனை வடலிக்குள் காவோலை பற்றுகிற சடசடப்பு. காவோலைதான் பொல்லாதது. புல் நெருப்பு தரையோடு ஓடும், பச்சைக் குழையால் அடித்து அணைக்கலாம், ஆனால் வடலி உச்சிக்கு ஏறினால் காற்று எரிகிற ஓலையைப் பிய்த்து நாற்பது ஐம்பது யார் தூரம் தள்ளிப் போடும். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்ட வீடு, ஐந்தரை லட்சம் தந்து எங்களையே கட்டச் சொன்னார்களே, அது. வீட்டுக்கு ஓடும் சீமெந்தும் இருக்கிறது. அடுக்களை மட்டும் இன்னும் கிடுகு. இந்த ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான், நெருப்பு வீட்டைத் தேடி வராது, அடுக்களையைத் தேடித்தான் வரும்.

சபை அலுவலகத்துக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, சாப்பாட்டு நேரம். இரண்டாம் தரம், மூன்றாம் தரம். அலுவலகத்துக்கு ஐந்துக்குப் பூச்சியம், இதில் வாதம் கிடையாது. பிறகு வட்டார உறுப்பினருக்கு எடுத்தேன், அவர் ஒரு கல்யாண வீட்டில், பின்னால் நாதஸ்வரம் கேட்டது, ஆனாலும் மனிதர் எடுத்தார், "வையுங்கோ அக்கா, பவுசர்த் தம்பிக்குச் சொல்லுறன்" என்று உடனே வைத்தார். பவுசர் என்றால் சபையின் தண்ணீர் வண்டி. கல்யாண வீட்டிலிருந்து போன் எடுத்ததற்கு மூன்று கொடுக்கலாம்.

அதற்குள் ஊர்ச் சனம் திரண்டுவிட்டது. வேப்பங்கொப்பு, பாலைக்கொப்பு, மருந்தடிக்கிற டாங்கியில் தண்ணீர் நிரப்பி முதுகில் போட்டுக்கொண்டு நாலு பேர். அந்த டாங்கி பெரிய உதவி என்று சொல்லவேண்டும், பதினாறு லீற்றர்தான், ஆனால் அடித்து அணைத்த இடம் திரும்பப் புகையாமல் நனைக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. அப்போது பத்தைக்குள் ஒரு சத்தம், 'டொப்' என்று. அடிவயிறு குளிர்ந்தது. வெளியூர்க்காரர் மூங்கில் வெடித்தது என்று நினைப்பார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் வந்தோம், ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் கத்தினா: "பிள்ளையள், உள்ளுக்குக் கால் வைக்காதேங்கோ, எரிஞ்சால் எரியட்டும்!" வன்னியில் நெருப்பணைக்கிறவனுக்கு முன்னால் நெருப்பும் காலுக்குக் கீழே 2009 இல் முடிந்த யுத்தமும் இருக்கிறது. கண்ணிவெடி எடுத்து முடிந்த காணி என்று சொன்னாலும், குப்பை கொளுத்தும்போது வெடித்த கதை ஊருக்கு ஊர் உண்டு. கொழும்பில் அச்சடித்த அனர்த்தத் துண்டுப்பிரசுரம் ஒன்று என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, புகை வந்தால் குனிந்து போகச் சொல்கிறது, இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பவுசர் நாற்பது நிமிடத்தில் வந்தது. கோடைக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிற அதே பவுசர், உழவு இயந்திரத்தில் கொளுவியது, நாலாயிரம் லீற்றர். சாரதித் தம்பி குதித்து இறங்கி, பின்னாலிருக்கிற பைப்பைத் திறந்தார். தண்ணீர் நேராக நிலத்தில் விழுந்தது. அது குடம் நிரப்பச் செய்த பைப், முழங்கால் உயரத்தில் இருக்கிறது, அமுக்கம் இல்லை, ஓஸ் இல்லை, பம்ப் இல்லை.

"அக்கா, வாளி இருக்கோ?"

"எத்தினை வாளி தம்பி, நாலாயிரம் லீற்றருக்கும் வாளியோ?"

எங்கள் ஒழுங்கை முடக்கில் கச்சான் செய்கிற அண்ணை தன் இரண்டு இஞ்சித் தண்ணீர் இறைக்கிற மெஷினை மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு வைத்துக் கொண்டுவந்து, உறிஞ்சு குழாயைப் பவுசரின் மேல்மூடி வழியாக இறக்கி, தோட்டத்து ஓசை மாட்டி இழுத்தார். அதற்குப் பிறகு இருபது நிமிடம். அடுக்களை தப்பியது, ஆச்சியின் கோழிக்கூடு போனது, கோழிகள் எல்லாம் குளத்தடியில் நின்றன. நெருப்பு தணிந்த பிறகும் அந்தத் தம்பி போகவில்லை, இன்னொரு பவுசர் நிரப்பி வந்து வேர்க்கட்டைகளை எல்லாம் நனைத்துவிட்டு, கடையில் ஒரு சோடா வாங்கிக் காசும் தந்துவிட்டுப் போனார். பவுசருக்கு நாலு. பம்ப் இருந்திருந்தால் ஐந்து.

பவுசர் நாற்பது நிமிடம் எடுத்தது என்று நான் குறை சொல்லவில்லை. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்ததே, அப்போது கிளிநொச்சி நகரத்திலேயே ஒரு தீயணைப்பு வண்டி இருக்கவில்லை, கடைகள் எரிய எரியப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதன் பிறகுதான் அங்கே ஒரு பிரிவு வந்தது. மாவட்டத் தலைநகருக்கே அந்தக் கதி என்றால் பதினொரு கிலோமீற்றர் உள்ளே இருக்கிற எங்களுக்குச் சிவப்பு வண்டி வரும் என்று நான் கனவு காணவில்லை. எனக்கு வேண்டியது ஒரு இரண்டு இஞ்சி மெஷினும் நூறு அடி ஓசும், பவுசரிலேயே நிரந்தரமாகப் பூட்டியபடி. ஒரு நல்ல பசு மாட்டின் விலை கூட வராது.

இதைச் சபையில் கேட்கலாம் என்று அமர்வுக்குப் போனேன். சபை அமர்வைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம், பலருக்குத் தெரியாது, வாசலில் நின்றவருக்கே தெரியவில்லை. பார்வையாளர் கதிரையில் நானும் ஒரு பத்திரிகைக்காரத் தம்பியும்தான். ஒரு வீதிக்குப் பெயர் வைப்பதில் முக்கால் மணித்தியாலம். நெருப்பு விஷயம் வந்தது, ஒருவர் அது வன இலாகாவின் பொறுப்பு என்றார், இன்னொருவர் எல்லைக்கல்லுக்கு அப்பால் சபை ஒரு புல்லும் பிடுங்கமுடியாது என்றார், இரண்டும் உண்மைதான். காடு ஒருவருக்கு, வீதி ஒருவருக்கு, குளம் ஒருவருக்கு, மின்கம்பம் ஒருவருக்கு, அதில் தொங்குகிற லைற் மட்டும் சபைக்கு. கட்சிப் பட்டியலால் வந்த ஒரு பெண் உறுப்பினர்தான் எழும்பி, "காடு ஆற்றையாவது இருக்கட்டும், வீதிக்கரைப் புல்லு எங்கடதானே, அதை எப்ப வெட்டுவம், திகதி சொல்லுங்கோ" என்று கேட்டா. திகதி வரவில்லை, 'விரைவில்' என்று குறிப்பில் எழுதினார்கள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து.

வெட்டினார்கள், பொய் சொல்லக்கூடாது. மண் வெட்டுகிற பெக்கோ வந்து வீதியின் காட்டுப் பக்கம் முழுக்கப் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சிவப்பு மண் தெரிகிற வெறும் பட்டையாக அழகாக இழுத்துவிட்டுப் போனது. வேலை முதல் தரம், நான் நடந்து பார்த்தேன். ஆனால் வந்தது ஐப்பசி பிறந்த பிறகு. அடுத்த கிழமை மழை இறங்கியது, பிறகு நவம்பரில் டித்வா புயல், அந்த வெறும் மண் கரைந்து மதகுக்குள் போய் அடைத்தது. தை பிறக்கும்போது பட்டை முழுக்கப் புதுப் புல், பழையதைவிடச் செழிப்பாக. மதகைத் துப்புரவாக்க ஆட்கள் வந்தது போன கிழமை, மாசி மாதம், வெயில் கொளுத்துகிறது.

எனக்கு இதுதான் பெரிய குறை. சபை வேலை செய்யவில்லை என்று திட்டுகிறவர்கள் பிழையாகத் திட்டுகிறார்கள். வேலை நடக்கிறது, பருவம் தப்பி நடக்கிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டபோது பொறுமையாக விளக்கினார்: கணக்கு ஆண்டு தை தொடங்கி மார்கழி வரை, வரவுசெலவுத் திட்டம் மார்கழிக்குள் நிறைவேறும், புது ஆண்டில் மதிப்பீடு போட்டு, விலை கேட்டு, ஒப்புதல் எடுத்து, இயந்திரம் வீதியில் இறங்க ஆனி ஆடி தாண்டும். எங்களுக்கோ புல் வெட்டவேண்டியது பங்குனி சித்திரையில், வாய்க்கால் வெட்டவேண்டியது ஆவணி புரட்டாதியில். இரண்டு நாட்காட்டியும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. நாட்காட்டிக்கு ஒன்று.

இத்தனைக்கும் எங்கள் ஆட்களுக்குத் திகதி குறிக்கத் தெரியாதா? காலபோக நெல் விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் போடுகிறோம், குளத்துத் தண்ணீர் திறக்கிற நாள், விதைப்பு முடிக்கிற நாள், மாடு வயலை விட்டு வெளியேறவேண்டிய நாள் எல்லாம் கூட்டத்து நடுவில் கை உயர்த்தித் தீர்மானித்து எழுதுகிறோம், மீறினால் தண்டம். அதே கூட்டத்தில் வீதிக்கரைப் புல்லுக்கும் ஒரு நாள் வைத்தால் என்ன? சபைக்காரரைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்தே வைக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. லைற்: எங்கள் வீதியில் பதினொரு கம்பம், ஏழு எரிகிறது, யானை வருகிற பக்கத்து நாலும் எரியவில்லை. யானைக்கு வெளிச்சம் பிடிக்காது என்று யாரோ அனுதாபப்பட்டிருக்கிறார்கள் போல. இரண்டு. கட்டாக்காலி மாடு: பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இரண்டு கிழமை வீதி சுத்தமாக இருந்தது, பிறகு உறுப்பினர் ஒருவரின் மச்சானுடைய மாடும் பிடிபட்டதாகக் கதை, ஒலிபெருக்கி நின்றுவிட்டது. ஒன்றரை. குப்பை உழவு இயந்திரம் செவ்வாய்க்கிழமை வரும் என்றால் செவ்வாய்க்கிழமை வருகிறது, நாலரை, உண்மையில் இதனால்தான் ஊரில் குப்பை கொளுத்துவது பாதியாகக் குறைந்தது, நெருப்புத் தடுப்பில் சபை செய்த மிகப் பெரிய வேலை இது என்று அவர்களுக்கே தெரியாது.

அபிவிருத்தி பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீதிக்குக் கிரவல் போட்ட நாளிலிருந்து காணி விலை ஏறி, பெரிய மேட்டுக்காணிகளைத் துண்டாடி விற்கிறார்கள். நல்லது, சனம் வரட்டும், எனக்கும் வியாபாரம். ஆனால் புதிதாக வெட்டுகிற ஒழுங்கைகளைப் போய்ப் பாருங்கள், ஓட்டோ போகும், பவுசர் போகாது, போனால் திரும்பாது. முடிவில் கம்பிவேலி, அதற்கு அப்பால் காடு. வரைபடத்துக்கு முத்திரை குத்துகிற கை சபையினுடையது. அந்தக் கைக்கு நான் நட்சத்திரம் போடவில்லை, முதலில் அந்தச் சாரதித் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், ஒழுங்கைக்குள் பவுசரை ஒரு தரம் திருப்பிக் காட்டச் சொல்லட்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. பம்ப் கேட்டுச் சனசமூக நிலையத்தால் கடிதம் கொடுத்து ஐந்து மாதமாகிறது, பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பம் போடுவேன், பதினாலு வேலைநாளுக்குள் ஏதாவது சொல்லவேண்டும். கடிதமும் விண்ணப்பமும் வேண்டாம் என்கிறவர்கள் இவ்வளவையாவது செய்துவையுங்கள்: அனர்த்தத்துக்கு 117, பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கங்களுக்குக் கீழே உங்கள் பவுசர்ச் சாரதியின் இலக்கத்தையும் எழுதி அடுக்களையில் ஒட்டுங்கள், அலுவலக இலக்கம் சாப்பாட்டு நேரத்தில் உதவாது.

போன கிழமை அந்தத் தம்பி குடிதண்ணீர் கொண்டுவந்தபோது இதை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். சிரித்தார். "எழுதுங்கோ அக்கா. ஆனா அடுத்தமுறை போன் அடிச்சால் ஆரையாவது குளத்தடிச் சந்தியில நிக்கச் சொல்லுங்கோ. அண்டைக்கு உங்கட ஒழுங்கை எதெண்டு தெரியாமல் பத்து நிமிசம் அங்கயே நிண்டனான்."

சந்தியில் இன்னும் பெயர்ப்பலகை இல்லை. முக்கால் மணித்தியாலம் பெயர் வைத்தார்களே, அது வேறு வீதி.