அரசு மெசின், முதலாளி மெசின், சங்கத்து மெசின்: இதில் எது சோசலிசம்?

"மாமா, சோசலிசம் உலகத்தில எங்கயாவது சரிவந்திருக்கா? ஒரு நாட்டச் சொல்லுங்க பாப்பம்." கொழும்பில் படிக்கும் மருமகன் போன சிறுபோகத்தில் வரம்பில் நின்று கேட்டான். நான் நீர்ப்பம்பிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்கான பதிலை அந்த மெசினில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வட்டை மட்டக்களப்பில் மண்டூர்ப் பக்கம், கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை வாய்க்காலின் கடைமடை. சிறுபோகத்தில் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது வாய்க்காலின் அடியில்தான் கிடக்கும். இறைக்காமல் பயிர் தப்பாது. அதற்கு மூன்று வழி இருந்தது. அரசு கொடுத்த பொதுப் பம்பி ஒன்று. முதலாளியின் வாடகைப் பம்பி ஒன்று. மூன்றாவது, ஒரே வாய்க்காலில் செய்யும் பதினான்கு பேர் சங்கமாகச் சேர்ந்து காசு போட்டு வாங்குவது. நாங்கள் மூன்றாவதை எடுத்து ஐந்து வருடம்.

சோசலிசம் என்றால் உற்பத்திச் சாதனங்கள் தனியாள் கையில் இல்லாமல் சமூகத்துக்குச் சொந்தமாக இருப்பது. எல்லாச் சண்டையும் "சமூகம்" என்ற அந்தச் சொல்லில்தான். அது அரசா, பாவிக்கிற ஆட்களா? பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. நாட்டைத் திறந்த பொருளாதாரத்துக்குக் கொண்டுபோன அதே ஆட்சி 1978இல் எழுதிய அரசியல் யாப்பில்தான் இலங்கை "சனநாயக சோசலிசக் குடியரசு" ஆனது. இலவசக் கல்வியையும் ஆஸ்பத்திரியையும் சிலர் சோசலிசம் என்பார்கள். அவை இல்லாவிட்டால் என் பிள்ளைகள் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அது விளைச்சலில் பங்கு கொடுப்பது. மெசின் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முதலாளி மெசினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழுதானால் அன்றைக்கே திருத்துவார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீர் இறுகும் கிழமையில் மணிக்கூலி ஏறும். கையில் காசு உள்ளவனின் வயல்தான் முதலில் நனையும்.

அரசு மெசினின் கதை வேறு. அதில் போனது ஒரு ஃபுட் வால்வு, உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் விலை மலிந்த சாமான். விண்ணப்பம், அனுமதி, மூன்று கையெழுத்து. வால்வு வந்தபோது குடலைப் பருவத்தில், கதிர் வெளிவரும் முன் நின்ற எங்கள் நெல் காய்ந்து வெளிறியிருந்தது. அங்கிருந்த உத்தியோகத்தர்கள் கெட்டவர்கள் இல்லை. பயிர் அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான்.

சோவியத்திலும் இதே சிக்கல் இருந்தது. 1932-33 பஞ்சத்தில் தானியத்தைப் பறிகொடுத்து இலட்சக்கணக்கில் மக்கள் செத்தது எல்லோருக்கும் தெரியும். மெசின் கதை அவ்வளவு தெரியாது. 1958 வரை கூட்டுப்பண்ணைகளுக்கு உழுது கொடுத்தவை பெரும்பாலும் அரசின் தனி நிலையங்களில் நின்ற மெசின்கள். கூலியாக விளைச்சலில் பங்கு போகும். பிறகு சோவியத் தலைவர் குருசேவ் அவற்றைப் பண்ணைகளின் தலையில் விற்றார். பண்ணைகள் கடன்பட்டன, திருத்தத் தெரிந்தவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மெசின்கள் பழுதாகி நின்றன. ஆகவே உரிமை கைமாறினால் மட்டும் போதாது. பராமரிக்கும் ஆளும் அதற்கான காசும் கூடவே வர வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் வாழைச்சேனை காகித ஆலை இருக்கிறது. நம் வயல் வைக்கோலில் காகிதம் செய்த அரச கூட்டுத்தாபனம். அதைப் போரும் சேர்ந்துதான் முடக்கியது, முழுப் பழியையும் அரச உடைமையில் போட மாட்டேன். ஆனால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் காணி யாருக்கு என்பதை அரசுதான் தீர்மானித்தது. 1956இல் அதே கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அரசுக்குச் சொந்தம் என்றால் எல்லோருக்கும் சொந்தம் என்று என்னால் நம்ப முடியாதது அதனால்தான்.

அதே கல்லோயாதான் எனக்கு மறுபக்கத்தையும் காட்டியது. 1980களின் தொடக்கத்தில் இடதுகரையில் வாய்க்கால் வாய்க்காலாகக் கமக்காரர் குழுக்கள் அமைத்தார்கள். அதுவரை வாய்க்கால் அரசுடையது, துப்பரவாக்க ஆளில்லை. குழு வந்ததும் அவர்களே இறங்கிச் சேறு அள்ளினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மேல்மடையில் சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் கீழே தமிழர் வயலுக்கு வந்தது, அதுவும் குளம் வற்றிக் கிடந்த காலத்தில். சட்டப்படி ஒரு முழம் வாய்க்கால்கூட அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. முடிவெடுக்கும் உரிமை மட்டும் கைக்கு வந்தது.

எங்கள் பம்பிக் கொட்டிலில் பொலித்தீன் பைக்குள் ஒரு கொப்பி தொங்குகிறது. திகதி, பெயர், தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், டீசல் லீற்றர். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பழுதுக் காசு என்று கொஞ்சம் தனியாக விழும். நூறு மணித்தியாலம் ஆனதும் சிவப்புப் பேனையால் கோடு. அன்றைக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். பதினான்கு பேரும் அந்தக் கொப்பியைப் புரட்டுவார்கள். களவு செய்ய வழி இல்லாமல் இல்லை, ஆனால் அடுத்த நாள் அதே வரம்பில் முகம் பார்க்க வேண்டும். சோசலிசம் சரிவந்ததா என்று மருமகன் கேட்டால் நான் அந்தக் கொப்பியைத்தான் காட்டுவேன்.

இது பதினான்கு பேரின் கதை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆலையையோ நாட்டையோ இப்படி நடத்தலாம் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கதையும் பயமுறுத்துகிறது. 1970களின் தொடக்கத்தில் சின்னச் சங்கங்களை இணைத்துப் பெரிதாக்கி, நிர்வாகத்துக்கு அரசே ஆள் நியமித்தது. உறுப்பினர் வரிசையில் நின்று கூப்பன் சாமான் வாங்குபவராக மட்டும் ஆனார். பெயர் கூட்டுறவு, நடப்பு அரசு மெசின்.

இன்னொரு குறையும் உண்டு. எங்கள் பதினான்கு பேரும் காணிக்காரர்கள். எங்கள் வாய்க்காலில் குத்தகைக்குச் செய்யும் மூன்று குடும்பங்கள் மணிக்கூலி கட்டித்தான் இறைக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள்தான் முதலாளி. வருகிற ஞாயிற்றுக்கிழமை, போகம் தொடங்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னால், பம்பிக்குப் புதுப் பிஸ்டன் போடக் காசு சேர்க்கக் கூடுகிறோம். அந்த மூன்று குடும்பத்தையும் பங்காளியாக எடுப்பதா என்ற பேச்சும் அன்றைக்கு வரும். நான் எடுக்கச் சொல்லிக் கை உயர்த்துவேன். என்னோடு இன்னும் எத்தனை கை உயரும் என்று தெரியவில்லை.