சிமுலேட்டரா, தரவுத்தொகுப்பா, களமா? கள ரோபோ ஆய்வு மாணவர் எதில் தொடங்குவது?

வயல், காடு போன்ற வெளியிடங்களில் இயங்கும் ரோபோக்களை ஆராயும் கள ரோபோடிக்ஸ் ஆய்வகத்தில் சேரும் மாணவர் முதல் பருவத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் கண்டாக வேண்டும். எழுதிய நிரலை எங்கே சோதிப்பது? கணினிக்குள்ளேயே ரோபோவை ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரிலா, பிறர் சென்சாரில் பதிவுசெய்து வெளியிட்ட தரவுத்தொகுப்பிலா, ரோபோவைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்கே போயா? பலரும் இதே வரிசையில் போகிறார்கள். ஆய்வேட்டுக்கான கெடு நெருங்கும்போதுதான் களத்தின் நினைவு வருகிறது. இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிமுலேட்டரின் அருமையை நான் மறுக்கவில்லை. கஸீபோ போன்ற ஒன்றில் ஒரே இரவில் நூறு முறை ரோபோவை ஓட்டலாம். கவிழ்ந்தால் நட்டமில்லை. ரோபோ உண்மையில் எங்கே நிற்கிறது என்பதும் துல்லியமாகத் தெரியும். அங்கே இல்லாதது மண். வழக்கமான அமைப்பில் தரை இறுகிய பரப்பு, உராய்வு வெறும் ஓர் எண். ஈர மண்ணிலோ சக்கரம் புதையும். சுழலும், ஆனால் நகராது. சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் கணக்கிடும் ரோபோ, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு முன்னேறிவிட்டதாக நம்பும். புல் இன்னும் பெரிய சிக்கல். வடிவத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அடர்ந்த புல்லும் கற்சுவரும் ஒன்றுதான். தாராளமாகக் கடந்துபோகக்கூடிய இடத்தில் ரோபோ திகைத்து நிற்கும்.

தரவுத்தொகுப்புகளின் பயன் வேறு. 2012இல் வெளிவந்த கிட்டி, பிறருடைய முறையோடு நம் முறையை ஒரே தராசில் நிறுக்க உதவுகிறது. ஆனால் அது கார் ஓடும் சாலையில் எடுத்தது. கரடுமுரடான நிலத்துக்கு ரெலிஸ்-3டி போன்றவை இருக்கின்றன. எதுவானாலும் சென்சார் பொருத்திய உயரமும் கோணமும் நம்முடையவை அல்ல.

களம் கடுமையானது. 1994இல் அலாஸ்காவின் ஸ்பர் எரிமலை வாய்க்குள் இறங்கி வேலையை முடித்த எட்டுக்கால் ரோபோ டான்டே 2, மேலே ஏறி வரும்போது கவிழ்ந்தது. அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்பா 2004இல் ஓட்டுநரில்லா வண்டிகளுக்கு நடத்திய பாலைவனப் போட்டியில் ஒரு வண்டிகூட இலக்கை எட்டவில்லை. அதிகம் ஓடியதே 12 கிலோமீட்டருக்குள் நின்றது. அடுத்த ஆண்டுப் போட்டியில் வென்ற ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வண்டி ஸ்டான்லியிடம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய உத்தி ஒன்று உண்டு. மனிதர் ஓட்டிப் பதிவுசெய்த தரவில், சக்கரம் கடந்த நிலத்தையெல்லாம் 'போகக்கூடியது' என்று குறித்து, தடையைக் கண்டறியும் நிரலைச் சீர்செய்தார்கள்.

ஆகவே முதல் மாதத்திலேயே வெளியே போங்கள். ரோபோ தானாக ஓட வேண்டியதில்லை. ரிமோட்டில் ஓட்டி எல்லா சென்சாரையும் பதிவுசெய்தால் போதும். சிமுலேட்டர் காட்டாத கோளாறுகள் அந்தப் பதிவில்தான் பல்லிளிக்கும். நொடிக்கு 60 டிகிரி திரும்பும் ரோபோவில் லேசரால் தூரம் அளக்கும் லைடாரின் கடிகாரத்துக்கும், திருப்பத்தையும் முடுக்கத்தையும் அளக்கும் ஐஎம்யூவின் கடிகாரத்துக்கும் 50 மில்லிநொடி வித்தியாசம் இருந்தால் 3 டிகிரி பிழை வரும். 20 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் ஒரு மீட்டர் நகர்ந்து தெரியும். நிரலில் தவறே இல்லாமல் வரைபடம் குழம்பிக் கிடக்கும். மரநிழலுக்குள் நுழைந்ததும் தரை நிலையத்தின் திருத்தங்களைப் பெறும் ஆர்டிகே ஜிபிஎஸ்ஸின் சென்டிமீட்டர் துல்லியம் பறிபோவதும் அதே பதிவில் தெரியும்.

பதிவுக்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் நிரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னாலும், பதிவில் உள்ள ரோபோ அன்று போன வழியில்தான் போகும். எனவே இடமறிதல், வரைபடமாக்கல், காட்சியறிதல் ஆகியவற்றில் உழைப்பவருக்குச் சொந்தப் பதிவே முதல் தெரிவு. பாதை திட்டமிடலும் கட்டுப்பாடும் உங்கள் துறையானால் சிமுலேட்டர் இல்லாமல் முடியாது. ஆனால் அதன் உராய்வையும் சென்சார் இரைச்சலையும் உங்கள் பதிவிலிருந்து எடுத்து வையுங்கள்.

நடக்கும் ரோபோக்கள் மட்டும் என் வாதத்துக்கு அடங்காதவை. சூரிச் இடிஎச் பல்கலைக்கழகக் குழு தன் நாலுகால் ரோபோ எனிமலுக்குச் சிமுலேட்டரிலேயே நடை பழக்கி, சேற்றிலும் பனியிலும் நடக்க வைத்து 2020இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. அங்கும் கால்மூட்டு மோட்டார்களின் நடத்தையை நிஜ ரோபோவிலிருந்தே அளந்து சிமுலேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.